பத்து எண்ணுகிற வரை

ஜூன் 14, சனி

பாப்பா பிறந்து ஒன்பது நாள். பேனா பிடிக்க இன்றைக்குத்தான் நேரம் வாய்த்தது.

மடியில் கிடக்கிற இவள் நிஜமாகவே என் வயிற்றுக்குள் இருந்தாளா? நான் பாட்டுக்கு பரோட்டா தின்றுகொண்டு, செல்போன் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறேன். உள்ளே ஒரு மூக்கு வளர்ந்திருக்கிறது! பத்து நகம். அதிலும் சுண்டுவிரல் நகம், அரிசிக் குருணை அளவு. இதெல்லாம் நான் செய்ததா? எனக்கு ஒழுங்காக ஒரு தோசை சுடத் தெரியாது. ஆத்தாடி, பார்க்கப் பார்க்கப் பயமாகக்கூட இருக்கிறது.

தலைப்பிரசவம் அம்மா வீட்டில்தான் பார்க்க வேண்டும். ஆனால் சிவகிரியில் அக்காவுக்கும் இதே மாசம். ஒரே வீட்டில் ரெண்டு பேறுகாலம் ஆகாது என்று சொல்லிவிட்டார்கள். அதனால் மேலகரத்தில் மாமியாரிடமே இருந்துவிட்டேன். மாமனார் இறந்து ஆறு வருஷமாச்சு. பாப்பாவோட அப்பா, அதாவது என் வீட்டுக்காரர் செல்வம், ராணுவத்தில். அஸ்ஸாமில் இருக்கிறார், லீவு தீபாவளிக்குத்தான். ஆக, வீட்டில் நானும் தங்கத்தாய் அத்தையும் மூன்றேகால் கிலோ மகாராணியும்.

அத்தை கறாரான ஆள். சிரிப்பு வந்தால்கூட வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து உள்ளே போய்விடுவாங்க. மருமகள் முன்னால் சிரித்தால் மரியாதை போய்விடுமோ என்னவோ.

ஜூன் 16, திங்கள்

எழுதலாமா? யார் படிக்கப் போகிறார்கள். எழுது.

தும்மினேன். நனைந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் இருந்தபோதே இப்படித்தான். தையல் ஆறினால் சரியாகும் என்று நினைத்தேன். இப்போது தும்மினால், இருமினால், பாப்பாவைத் தூக்கிக்கொண்டு எழுந்தால் வந்துவிடுகிறது. தண்ணீர்ச் சத்தம் கேட்டாலே போதும். அதுவும் எந்த ஊரில்! சீசன் ஆரம்பித்தாச்சு. ஓட்டில் சாரல், தாழ்வாரத்தில் சொட்டு, அத்தை குழாயைத் திறந்தால் குடத்தில் சளசள. குற்றாலத்துக்கு ரெண்டு மைல் தள்ளி இருந்துகொண்டு தண்ணீர்ச் சத்தத்துக்கு எங்கே ஓடி ஒளிவது?

காலேஜில் கோ-கோ டீம் கேப்டன் நான். இப்போது கட்டிலில் இருந்து கக்கூஸ் வரைக்கும் போய்ச் சேர முடியவில்லை. சவம், இருபத்தாறு வயசுல இத யாருகிட்ட போய்ச் சொல்ல? அத்தகிட்டயா? செத்தாலும் மாட்டேன்.

ஜூன் 17

வழி கண்டுபிடித்துவிட்டேன். குடித்தால்தானே வரும்?

ஜூன் 19, வியாழன்

பேறுகாலப் பத்தியத்தில் பச்சைத் தண்ணீர் கிடையாது. குடித்தால் வயிறு தள்ளும், பிள்ளைக்குச் சளி பிடிக்கும். இது இங்கே ஊர்ச் சட்டம். அதற்குப் பதிலாக அத்தை சுக்குத் தண்ணி காய்ச்சி, மூணு வேளையும் ஒரு சொம்பு கொண்டுவந்து வைக்கிறாங்க. நான் ரெண்டு மடக்கு குடித்துவிட்டு மிச்சத்தை ஜன்னலுக்கு வெளியே கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றுகிறேன்.

அத்தையின் தங்கச்சி, சந்தனமாரி சித்தி, பிள்ளை பார்க்க வந்தாள். “இந்தக் காலத்துப் பிள்ளைக பாட்டில் பாட்டிலால்லா தண்ணி குடிக்காளுவ. இவளப் பாரு, உதடு வெடிச்சுக் கெடக்கு, வாயத் தொறந்து கேக்க மாட்டுக்கா!” என்றாள். அத்தைக்கு ஒரே பெருமை. “எம் மருமவ பத்தியம்னா பத்தியம்தான்.” எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தாலும் வந்துவிடுமே என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

நேற்று ரெண்டு தரம்தான் நனைந்தது. இன்று ஒரு தரம். ஜெயித்துவிட்டேன்.

பாப்பாதான் அரை மணிக்கொரு தரம் அழுகிறாள்.

ஜூன் 20, வெள்ளி

நர்ஸ் காளீஸ்வரி அக்கா வீட்டுக்கு வந்தாங்க. பாப்பாவைத் துணித் தொட்டிலில் போட்டுத் தராசில் தொங்கவிட்டாங்க. முள்ளைப் பார்த்தாங்க. இறக்கி, மறுபடி தொங்கவிட்டாங்க.

மூணு கிலோ. கால் கிலோ குறைந்திருக்கிறது. இந்நேரம் பிறந்த எடையைத் தாண்டியிருக்க வேண்டுமாம்.

“தாய்க்கு என்ன குடிக்கக் குடுக்குதீங்க?” என்று அத்தையைக் கேட்டாங்க. அத்தை, “பத்தியம்லா, பச்சத் தண்ணி காட்டுதது இல்ல” என்று ஆரம்பித்தாங்க. அவ்வளவுதான். “பொறவு பால் எங்கருந்து ஊறும்? ஆகாசத்துல இருந்தா? பிள்ளைய பட்டினி போட்டிருக்கீங்கம்மா. திங்கக்கிழம வருதேன். எட ஏறலன்னா ஆஸ்பத்திரியில சேக்கணும்” என்று ஒரு பிடி பிடித்துவிட்டுப் போனாங்க.

திட்டு முழுக்க அத்தைக்கு. மூணு சொம்பு தண்ணீர் வைத்தது அவங்க. கொட்டினது நான். நான் வாயைத் திறந்தேனா? திறக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு தொட்டிலை ஆட்டினேன்.

எம் பிள்ள பசியில கெடந்து அழுதிருக்கா. நான் சேல நனையாம இருக்குன்னு சந்தோசப்பட்டிருக்கேன். பாவி. என்ன பொம்பள நான்? எழுத முடியல.

ஜூன் 21, சனி

சொல்லிவிட்டேன்.

அத்தை அடுப்படி வாசலில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாங்க. “நீங்க வச்ச தண்ணிய நான் குடிக்கல அத்த. செடிக்கு ஊத்திட்டேன்” என்றேன். “ஏன்?” என்றாங்க. “குடிச்சா அடக்க முடியல. தும்முனா வந்துருது, எந்திரிச்சா வந்துருது...” அதற்கு மேல் அழுகைதான். அழுததில் அதுவும் வந்துவிட்டது. அங்கேயே, அவங்க முன்னாலேயே.

அடி விழப் போகிறது என்று நினைத்தேன். அத்தை எழுந்து உள்ளே போனாங்க. தகரப் பெட்டி திறக்கிற சத்தம் கேட்டது. திரும்பி வந்து என் மடியில் ஒரு அடுக்குத் துணியை வைத்தாங்க. பழைய வேட்டியைக் கிழித்து, நாலாக மடித்து, ஓரம் தைத்தது. துவைத்துத் துவைத்துப் பஞ்சாகியிருந்தது.

“எனக்காத் தச்சீங்க?”

“ஒனக்கு எப்போ தைக்க? இது எனக்குள்ளது.”

எனக்கு விளங்க ஒரு நிமிஷம் ஆனது. சிரிப்பு வந்தால் எழுந்து போவது மரியாதைக்காக இல்லை! இந்தத் துணியை வைத்துக்கொண்டுதான் நாற்று நட்டிருக்காங்க. மாடு கறந்திருக்காங்க, கல்யாண வீட்டில் பந்தி பரிமாறியிருக்காங்க. ஒரே வீட்டில் மூணு வருஷம் இருந்த எனக்கு ஒரு மணம், ஒரு கறை தெரிந்ததில்லை. இவங்களையா நான் கறார் என்று எழுதினேன்? கும்பிடத் தோன்றியது. நிஜமாகவே காலைத் தொட்டேன்.

“எத்தன நாளா அத்த?” என்று கேட்டேன்.

“அது கெடக்கு. மொதல்ல தண்ணியக் குடி. நனைஞ்சா நனையட்டும், நான் தொவைக்கேன். பிள்ளைக்குப் பால் வேணும்லா.”

ஒரு சொம்பு பச்சைத் தண்ணீர், முழுசாகக் குடித்தேன். பத்தியம் போனது.

ஜூன் 23, திங்கள்

மூணு கிலோ நூற்றிருபது! ஏறிவிட்டாள்!

நான் தண்ணீர் குடிக்கிறேன். அது எனக்குள் எங்கேயோ போய் வெள்ளையாக மாறுகிறது. இவள் வாய்க்குள் போய், மூன்றே நாளில் கன்னமாகிவிட்டது. இப்படி ஒரு காரியம் என் உடம்புக்குள் நடக்கிறது, எனக்கு அதில் ஒரு வேலையும் இல்லை. எந்த மிஷின் செய்யும் இதை? ஒழுகுகிறது என்று இந்த உடம்பையா சபித்தேன்?

நர்ஸ் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தண்ணீரைக் கொட்டியது நான் என்றும் சொன்னேன். “இது பாதிப் பேருக்கு உண்டு, ஒருத்தியும் சொல்ல மாட்டுக்கா” என்றாங்க. ஒன்றுக்குப் போகையில் பாதியில் நிறுத்துவது போல உள்ளே இறுக்க வேண்டும். மூச்சைப் பிடிக்காமல் பத்து எண்ண வேண்டும். அப்புறம் பைய விட வேண்டும். தினம் மூணு வேளை, மூணு மாசம்.

கதவோரம் அத்தை அரிசி புடைத்துக்கொண்டிருந்தாங்க. சுளகில் அரிசியே இல்லை.

ஜூன் 29

நான்கு வரைக்கும்தான் வருகிறது. ஐந்தில் விட்டுப்போகிறது.

ஜூலை 15, செவ்வாய்

நாற்பது நாள் தீட்டு முடிந்தது. வீடு கழுவி, தலைக்குக் குளித்து, அடுப்படிக்குள் போனேன். சோற்றுப் பானையைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்படுவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். ரசம் வைத்தேன். புளி கூடிவிட்டது. அத்தை ரெண்டு தரம் ஊற்றிக் குடித்தாங்க.

குடத்தைத் தூக்கப் போனேன். “தொட்டா கைய ஒடிச்சிருவேன், அங்கன வையி!” என்று ஒரு சத்தம். அவங்களே வந்தாங்க. தூக்குமுன் ஒரு நொடி நின்றாங்க, உதடு அசைந்தது.

“எத்தன வந்துச்சு?” என்றேன்.

“எது எத்தன?”

“எண்ணுனது.”

“போட்டீ!” என்று முறைத்தாங்க. குடத்தை இறக்கி வைத்துவிட்டு, “ஆறு” என்றாங்க.

எனக்கு எட்டு. நான்தான் முதலில்! கோ-கோ கேப்டன் என்றால் சும்மாவா? இனிமேல் ரெண்டு பேரும் அரைக்குடம்தான் தூக்குவது என்று முடிவு செய்திருக்கிறோம். நடை ரெட்டிப்பு. பரவாயில்லை.

ஆகஸ்ட் 6, புதன்

பத்து!

மிளகாய் வற்றல் வறுத்தேன். கமறல் தாங்காமல் ஏழு தும்மல். ஒரு சொட்டு இல்லை. அடுப்பை அணைத்துவிட்டுக் கத்தினேன். அத்தை கரண்டியோடு ஓடிவந்தாங்க. விஷயம் தெரிந்ததும் என் தலையில் கை வைத்து, “எந் தாயீ” என்றாங்க. கண் கலங்கியிருந்தது. வற்றல் நெடியாகவும் இருக்கலாம். இல்லை, அது வற்றல் இல்லை.

ரெண்டு மாசத்துக்கு முன்னால் ஒரு ஆளைப் பிரசவித்த உடம்பு. அதுவே கிழிந்து, அதுவே கூடி, அதுவே இறுகிவிட்டது. நான் எண்ணினது மட்டும்தான்.

அத்தைக்கு ஏழுக்கு மேல் ஏறவில்லை. கேட்டால், “எனக்கு இம்புட்டுதான். பேத்தி எடுத்தவ டாக்டர்கிட்ட போயி இதச் சொல்லவா? போற வரைக்கும் இப்படியே ஓடிரும்.”

ஓடாது. விடமாட்டேன்.

ஆகஸ்ட் 11

இன்றும் அத்தையை டாக்டரிடம் கூப்பிட்டேன். “வாய மூடிக்கிட்டு வேலையப் பாருட்டி.” அவங்க வர்ற வரைக்கும் பச்சைத் தண்ணீர் பல்லில் படாது என்று சொம்பைக் கவிழ்த்து வைத்தேன். பதினோரு மணிக்கு வைத்தேன். பாப்பா பாலுக்கு அழுததும் பன்னிரண்டுக்கு வழிக்கு வந்தாங்க.

ஆகஸ்ட் 18, திங்கள்

தென்காசி. பாப்பாவுக்குத் தடுப்பூசி என்று தெருவுக்குச் சொல்லிவிட்டுக் கிளம்பினோம். பஸ்ஸில் அருவிக் கூட்டம், தலையெல்லாம் எண்ணெய். அத்தை ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு வந்தாங்க. ஆஸ்பத்திரி வாசலில், “இன்னொரு நா வருவோமா?” என்றாங்க. பாப்பாவை அவங்க கையில் கொடுத்து, சீட்டு போடப் போய்விட்டேன். பிள்ளையை வைத்துக்கொண்டு எங்கே ஓடுவாங்க?

டாக்டர் சின்னப் பெண், என் வயசுதான் இருக்கும். நான் சொல்ல வாயெடுத்தேன். அத்தை என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு அவங்களே சொன்னாங்க. தும்மல், குடம், துணி, எல்லாவற்றையும். குரல் நடுங்கவில்லை.

டாக்டர் எழுதிக்கொண்டே, “எத்தனை நாளாம்மா?” என்று கேட்டார்.

“எம் மூத்தவன் செல்வத்துக்கு வார கார்த்திகை வந்தா முப்பத்திரண்டு.”

டாக்டர் நிமிர்ந்தார். “மகன் வயசைக் கேக்கலம்மா. இந்தத் தொந்தரவு எத்தனை நாளா இருக்குன்னு கேட்டேன்.”

“அதத்தான் தாயி சொல்லுதேன்.”