முன் சீட்டுக்கு ஒரு ஆள்

அன்புள்ள பெரியவனுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீ அங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லாமல், வேளாவேளைக்குச் சாப்பிட்டு, நன்றாக இருப்பாய் என்று நம்பித்தான் இதைத் தொடங்குகிறேன். இங்கே நாங்கள் நால்வரும் நலம். இந்தத் தடவை அதை வழக்கத்துக்காக எழுதவில்லை, ஒவ்வொருவரையும் கண்ணால் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன், ஏன் என்று போகப்போகத் தெரியும். இதையெல்லாம் போனில் சொல்லக்கூடாதா என்பாய். போனில் உன் தம்பி பேச்சை எடுத்தாலே "அப்புறம் கூப்பிடறேம்பா" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் பேனாவை எடுத்தேன், கோபித்துக்கொள்ளாமல் கடைசிவரை படி.

உன் அம்மா ஒரு படகு வாங்கப் போகிறாள். சிரிக்காதே, நானும் முதலில் சிரித்துவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன். எனக்குக் கடைவாய்ப் பல் ஒன்று படுத்தி எடுத்ததல்லவா, அதைப் பிடுங்கப் போன இடத்தில்தான் வினையே ஆரம்பித்தது. பல் டாக்டர் தன் பிள்ளைகளுக்காக வாங்கிய ஃபைபர் படகு ஒன்று ஏரிக்கரை ஷெட்டில் சும்மா கிடக்கிறது, பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், நல்ல குடும்பம் கிடைத்தால் வந்த விலைக்குக் கொடுத்துவிடுவேன் என்று கதை பேசிக்கொண்டே வேலை பார்த்தார். நானோ வாயைப் பிளந்தபடி படுத்திருக்கிறேன், நாக்கு மரத்துக் கிடக்கிறது, வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? துணைக்கு வந்திருந்த உன் அம்மா பக்கத்தில் நின்றபடியே பேசி முடித்துவிட்டாள். முன்பணம் கூட இல்லை, மாதக் கடைசி வரை ஓட்டிப் பாருங்கள், பிடித்தால் வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஷெட்டிலேயே விட்டுவிடுங்கள் என்று சாவியைக் கையில் கொடுத்துவிட்டார் அந்த மனுஷர்.

நீச்சல் தெரியாது, மூட்டு வலி, பஸ்ஸில் போனாலே தலை சுற்றும், இவளுக்கு எதற்குப் படகு என்று வீட்டுக்கு வந்து குதித்தேன். அவள் பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டே ஒரே பதிலாகச் சொன்னாள்: "வீட்டுல ஆளுக்கு ஒரு கதவு இருக்கு, சாத்திக்கிறீங்க. படகுல கதவு ஏது? பெரியவன் லீவுல வரட்டும், எல்லாரையும் ஏத்தி நடு ஏரியில நிறுத்தறேன். எங்க எழுந்து போறானுங்கன்னு பாக்கறேன்." மூன்று வருஷமாக நீயும் அவனும் பேசாமல் இருப்பதை அவள் எப்படி விழுங்கிக்கொண்டு திரிகிறாள் என்று உனக்குத் தெரியாது, கூடவே இருக்கிற எனக்கே அன்றுதான் முழுசாகத் தெரிந்தது.

படகை நானும் சின்னவனும் போய்ப் பார்த்தோம். சுவருக்குள் குழாய் எங்கே ஓடுகிறது என்று தட்டிப் பார்க்கிற மாதிரி அடியிலிருந்து நுனிவரை தட்டிப் பார்த்தேன், எங்கேயும் பொக்கென்று சத்தம் வரவில்லை. இன்ஜினைச் சின்னவன் பிரித்து மாட்டினான், இரண்டாவது இழுப்பில் பிடித்துக்கொண்டது. பெயின்ட் மட்டும்தான் போயிருந்தது. எல்லாம் சரியாக இருக்கும்போதுதானே எனக்குக் கை அரிக்கும். பின்பக்கம், தரையோடு தரையாக, இரண்டு ஓட்டை இருந்தது. இந்தப் பக்கம் விரலை விட்டால் வெளியே ஏரி. எனக்குப் பார்த்ததும் பற்றிக்கொண்டு வந்தது. ஆயுசு முழுக்கக் கசிவை அடைத்தே சோறு தின்றவன், தண்ணீரில் போகிற சாமானில் இரண்டு ஓட்டையைத் திறந்து வைத்துவிட்டு எப்படித் தூங்குவேன் நீயே சொல். இரண்டுக்கும் மரை போட்டு, டேப் சுற்றி, பிளக் வைத்து, ரெஞ்சால் ஒரு முறுக்குக் கூடவே முறுக்கினேன்.

சின்னவன் பெண்டாட்டி, நம் மருமகள், அப்போதே சொன்னாள். பார்லரைச் சீக்கிரம் மூடிவிட்டு எங்களுக்கு டீ கொண்டுவந்தவள், குனிந்து பார்த்து, "மாமா, செஞ்சவங்க காரணம் இல்லாமலா ஓட்டை வெச்சிருப்பாங்க? டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடலாமே" என்றாள். நாளெல்லாம் தலைமுடி வெட்டுகிறவளுக்குத் தண்ணீரைப் பற்றி என்ன தெரியும் என்று நினைத்தேன், வாய்விட்டும் சொல்லிவிட்டேன். டீ கிளாஸைக் கழுவும்போது மறுபடி சொன்னாள். வீட்டில் தட்டில் கை வைக்கும்போது மூன்றாவது தடவை சொன்னாள். இந்தப் பெண் விடவே மாட்டாள் போலிருக்கிறதே என்று எரிச்சலாக வந்தது. அந்த நேரம் உன்னைத்தான் நினைத்தேன். வாயாடி, நம் வீட்டுக்குச் சரிப்பட மாட்டாள், வேறு பெண்ணைப் பாருங்கள் என்று அவள் காது படவே சொல்லிவிட்டு, கல்யாணத்துக்கும் வராமல் இருந்துவிட்டாயே, பெரியவன் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது என்று அன்றைக்கு மனசுக்குள் உன் பக்கம் சாய்ந்தேன். அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நால்வரும் கிளம்பினோம். டாக்டர் கொடுத்த மிதவைச் சட்டையை உன் அம்மா வீட்டிலேயே மாட்டிக்கொண்டு, தெரு முழுக்கப் பார்க்க ஆட்டோவில் ஏறினாள். ஏரி கண்ணாடி மாதிரி கிடந்தது. சின்னவன் பின்னால் இன்ஜினில், நாங்கள் மூவரும் நடுவில். போகும்போது சுகமாகத்தான் இருந்தது, உன் அம்மா கையைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு வந்தாள், அவள் முகத்தை நான் அப்படிப் பார்த்து வெகுநாள் ஆகிறது. நடு ஏரிக்குப் போனதும் மழை பிடித்துக்கொண்டது. ஆளை அடிக்கிற மழை, கரை மறைந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து சுற்றுலாக்காரர்களை ஏற்றிய பெரிய லாஞ்ச் ஒன்று கரைக்குப் பறந்துபோனது. அது கிளப்பிய அலை எங்கள் விளிம்பைத் தாண்டி உள்ளே விழுந்தது, அடுத்ததும் விழுந்தது. விழுந்த தண்ணீர் வெளியே போகவில்லை. எப்படிப் போகும், நான்தான் முறுக்கி வைத்திருக்கிறேனே. கணுக்காலுக்கு வந்தது. பின்பக்கம் கனத்து இன்ஜின் முக்க ஆரம்பித்தது. சின்னவன் முகம் வெளுத்துவிட்டது. உன் அம்மா என் கையைப் பிடித்தாள். எனக்கோ கை கால் ஓடவில்லை, தப்பு எங்கே என்று தெரிந்துவிட்டது, தெரிந்தும் உட்கார்ந்த இடத்தில் அப்படியே இருக்கிறேன். பயந்துவிட்டேனப்பா. எல்லாரையும் நானே கொண்டுவந்து மூழ்கடித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அந்தப் படகில் பேசியவள் ஒருத்திதான். "நிறுத்தாதீங்க, மெதுவா ஓட்டிக்கிட்டே இருங்க" என்று புருஷனிடம் சொன்னாள். "அத்தை, நீங்க முன்னால போங்க, புடிச்சிக்கிட்டு உக்காருங்க" என்றாள். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை, என் பையைத் திறந்து ரெஞ்சை எடுத்தாள், முழங்கால் போட்டு அந்தக் கலங்கின தண்ணீருக்குள் கையை விட்டாள். நான் முறுக்கியது என்ன சாமானியமாகவா முறுக்கினேன். இரண்டு தடவை வழுக்கி விரலைக் கிழித்துக்கொண்டாள். அப்போதும் வாய் ஓயவில்லை, இதோ வந்துடும் அத்தை, இதோ அசையுது மாமா, ஒண்ணும் ஆகாது என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அந்தக் குரல் மட்டும் நின்றிருந்தால் உன் அம்மா எழுந்து நின்றிருப்பாள், படகு கவிழ்ந்திருக்கும். முதல் பிளக் கழன்றது, பிறகு அடுத்தது. இன்ஜின் இழுக்க இழுக்கத் தண்ணீர் தானாக வழிந்து போவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். படகின் தரை ஏரியின் மட்டத்துக்கு மேலே இருக்கிறது, விழுகிற தண்ணீர் போகத்தான் அந்த வழி. குளியலறையில் தண்ணீர் ஓட வாட்டம் பார்த்தே வயசான எனக்கு இது தோன்றவில்லை. கரைக்கு வந்ததும் அவள் விரலுக்கு நான்தான் கட்டுப் போட்டேன். மன்னிச்சுக்கம்மா என்றேன், "டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் மாமா" என்று நாலாவது தடவையும் சொன்னாள், எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

இத்தோடு படகுப் பேச்சு முடிந்தது என்றுதான் இருந்தேன். உன் அம்மாவுக்கு இரண்டு நாள் காய்ச்சல், மூன்றாம் நாள் எழுந்ததும், பெரியவன் வருவதாக இருந்தால் படகு இருக்கட்டும், வராவிட்டால் ஷெட்டிலேயே விட்டுவிடுங்கள், எனக்கு ஏரியைப் பார்க்க ஆசை இல்லை என்று சொல்லிவிட்டாள். நேற்று டாக்டரும் கரைக்கு வந்து ஒரு சுற்று ஓட்டிக் காட்டினார். நாங்கள் உட்கார்ந்த விதமே தப்பாம். முன் சீட்டைக் காலியாக விட்டால் மூக்குத் தூக்கிக்கொள்ளுமாம், பின்பக்கம் தாழுமாம், அதனால்தான் அலை அவ்வளவு சுலபமாக உள்ளே வந்தது. அங்கே ஒரு ஆள் உட்கார வேண்டும், ஆள் இல்லையென்றால் தண்ணீர் கேனாவது வையுங்கள் என்றார்.

மருமகள் கேனைத் தூக்கி வந்து முன் சீட்டில் வைத்தாள். ஒன்று வைத்தாள், போதவில்லை. இன்னொன்று வைத்தாள். பிறகு கட்டுப் போட்ட விரலோடு இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்து, "மாமா, பெரியவர் எத்தனை கிலோ இருப்பார்?" என்று கேட்டாள். உன்னைப் பற்றி அவள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது. எனக்குப் பதில் தெரியவில்லை. உன் அம்மாவும் முழித்தாள். இன்ஜினைத் துடைத்துக்கொண்டிருந்த சின்னவன் தலையை நிமிர்த்தவே இல்லை. "எழுவது கிலோ இருப்பான். அங்க தனியா சமைச்சுத் தின்னு எளைச்சிருப்பான், ரெண்டு கிலோ கம்மியாவே வை" என்றான். உன் அம்மா அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மாதக் கடைசிக்குள் டாக்டருக்குப் பதில் சொல்ல வேண்டும். நான் உன்னை வற்புறுத்தவில்லை, மன்னிப்புக் கேள் என்றும் சொல்லவில்லை, அதெல்லாம் நடு ஏரியில் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். நேரத்துக்குத் தூங்கு, கண்ட நேரத்தில் காபி குடிக்காதே, பல் வலித்தால் தள்ளிப்போடாதே. நீ எங்கே இருந்தாலும் குறை ஒன்றும் இல்லாமல் நீடூழி இருக்க வேண்டும், உன் அம்மாவின் ஆசியும் இதில் சேர்ந்தே வருகிறது. பதிலில் வேறு எதையும் எழுத வரவில்லை என்றால் உன் எடையை மட்டும் எழுது. நீ வரும்வரை உன் இடத்தில் இருக்கிற கேனில் மருமகள் அளந்து ஊற்றக் காத்திருக்கிறாள்.

இப்படிக்கு,
ஓட்டையை அடைத்த உன் அப்பா