இரண்டு கேபிளும் ஒரே சுவிட்சில்

ஐப்பசி 4, செவ்வாய்.

கோபம் அடங்கவில்லை. மருத்துவமனை சர்வரிலிருந்து நோயாளிகளின் பதிவுகள் இருக்கும் ஸ்டோரேஜுக்கு இரண்டு நெட்வொர்க் சுவிட்ச் வழியாக இரண்டு தனிப் பாதைகள் போட்டிருந்தேன். ஒன்று செத்தால் மற்றது தாங்கும். ஆயுத பூஜைக்குத் துடைக்கக் கழற்றியவர்கள் இரண்டு கேபிளையும் ஒரே சுவிட்சில் செருகிவிட்டார்கள். திரையில் இரண்டு பாதையும் உயிரோடு இருப்பதாகத்தான் காட்டியது. மற்ற சுவிட்சுக்குச் சந்தனப் பொட்டு மட்டும் மிச்சம்.

பூஜை முடிந்ததுமே ஒரு சுவிட்சை அணைத்துச் சோதிக்கக் கேட்டேன். சொந்தமாக லாரியும் வைத்திருக்கும் மருத்துவமனை மேலாளர் விடவில்லை.

"ஓடற வண்டியில எதுக்குங்க மேடம் டயரக் கழட்டிப் பாக்கோணும்?"

எல்லோரும் சிரித்தார்கள்.

இன்று காலை அந்த ஒரே சுவிட்ச் செத்தது. வலிப்போடு வந்த பெண்ணுக்கு எந்த மருந்து ஆகாது என்பது ஸ்டோரேஜில்தான் இருந்தது. நான் கேபிளை மாற்றிச் செருகும்வரை டாக்டர் ஊசியோடு நின்றார். பிழைத்துக்கொண்டாள்.

"அதான் சரியாப் போச்சுங்களே. ஒரு பூசணிக்காய் சுத்தி ஒடைச்சறலாங்க" என்றார் மேலாளர்.

"ஸ்டெப்னியில காத்து இருக்குதான்னு பாக்காம உங்க லாரிய அனுப்புவீங்களா?" என்றேன்.

புது சுவிட்ச் வந்ததும் அவரைப் பக்கத்தில் நிறுத்தி, ஒன்றை அணைக்கப் போகிறேன். இந்த முறை யாரையும் கேட்பதாக இல்லை.