ஒயரைப் பிரித்த நேரம்

ஜூலை 7, திங்கள்

காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. ஆண்டர்சன்பேட்டையில் வாங்க வேண்டியது: பருப்பு, சோப்பு, இருமல் மருந்து.

என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து ஒரு மாதம். கல் குவாரியில் வெடி வைக்கும்போது, ஆட்கள் ஒதுங்கும் முன்னாலேயே வெடித்தது. அவர் பாக்கெட்டில் செல்போன் இருந்ததாம், அதனால்தானாம். சூப்பர்வைசர் சொல்கிறார். பொய். வெடி வைக்கும் நாளில் போனை அணைத்து, புத்தர் படத்துக்குக் கீழே வைத்துவிட்டுத்தான் போவார். அன்றும் வைத்தார்.

வியாழக்கிழமை கவர்மென்ட் ஆபீசர் விசாரணைக்கு வருகிறார்.

ஜூலை 8, செவ்வாய்

கரண்ட் இல்லை. கொழுந்தன் மணி சாப்பிட வந்தான். அதே குவாரியில் அண்ணனுக்கு ஹெல்பராக இருந்தவன். இனி அண்ணன் வேலை இவனுக்காம். அன்று என்ன நடந்தது என்று கேட்டேன்.

"டெட்டனேட்டர்ல ரெண்டு ஒயர் இருக்கும் அண்ணி. முறுக்கியே வச்சிருக்கணும். பிரிச்சா ஏரியல் மாதிரி, காத்துல வர்ற சிக்னல இழுத்து வெடிச்சிடும். அண்ணன் பிரிச்ச நேரம் சூப்பர்வைசர் பக்கத்துலயே வாக்கி டாக்கியில பேசிக்கினு இருந்தாரு."

"ஆபீசர்கிட்ட இத சொல்லுவியா?"

"சொன்னா வேலை இருக்குமா?"

"சொல்லலன்னா நாளைக்கு நீ பிரிக்கும்போதும் பேசுவாரு."

கை கழுவப் போய்விட்டான்.

ஜூலை 9, புதன்

தூக்கம் இல்லை. அவர் மேல் கோபம். மைசூர் மைன்ஸ் தங்கச் சுரங்கத்தில், பூமிக்கு அடியில் வேலை கற்றவர். அங்கே ஏது போன், ஏது வாக்கி. வெளியே வந்த பிறகு தன் போனை விட்டுப்போகப் பழகினார். மேலாள் கையில் இருக்கும் வாக்கியைத் தள்ளி வை என்று சொல்லப் பழகவில்லை.

பக்கத்து வீட்டு சரோஜா: "இன்னா, நாளைக்கு வெறும் வயித்தோட போயி நிக்கப் போறியா? நீ மயங்கி வுழுந்தா அந்த சூப்பர்வைசருக்குத்தான் குஷி."

சிரித்துவிட்டேன். பிறகு என்னவோ போல் ஆகிவிட்டது.

ஜூலை 10, வியாழன்

நல்ல வெயில். குவாரி ஷெட். அவர் போனை மேஜைமேல் வைத்தேன். வீட்டில்தான் இருந்தது என்றேன்.

சூப்பர்வைசர், "பொம்பளைக்கு இன்னா சார் தெரியும். வேற போன் வச்சிருந்திருப்பான்."

ஆபீசர் மணியைப் பார்த்தார். மணி தரையைப் பார்த்தான்.

"சூப்பர்வைசர் சார் வாக்கியில பேசினாரு. அண்ணன் அப்பதான் ஒயரப் பிரிச்சாரு. நான் பார்த்தேன்."

ஆபீசருக்காகக் கன்னடத்திலும் ஒரு தடவை சொன்னான்.

நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். பஸ்ஸில் சொன்னான். "போனா போவுது அண்ணி. ஆபீசர் எல்லாத்தையும் எழுதிக்கினாரு, இல்ல?"

எழுதினார். கன்னடத்தில். எனக்குப் படிக்கத் தெரியாது. என் வீட்டுக்காரர் பெயர் எந்த வரியில் இருந்ததோ.