இடது பக்கத்து மான்

நவம்பர் 11

ரூடி இன்னும் என்னோடு பேசவில்லை. பேசாமல் இருக்க அவனுக்கு எல்லா உரிமையும் உண்டு. என் மாமா பையன். நேற்று மாலை பாவம், மான் வேட்டைக்காக வில்லும் கையுமாக மரத்தில் ஏறி உட்கார்ந்திருந்தான். நான் ஹெம்லாக் மரத்துக்குப் பின்னால் குப்புறப் படுத்து, ஆண்மான் உறுமுகிற மாதிரி குழலை ஊதிக்கொண்டிருந்தேன். பொழுது சாயும்வரை அவன் அசையவே இல்லை. மூக்கு ஒழுகி உதடுவரை வந்தும் துடைக்கவில்லை. அதைப் பார்த்துத்தான் எனக்குச் சிரிப்பு வந்து, என் உறுமல் பாதியில் தும்மலாகிவிட்டது.

"மானங்கெட்டவளே!" என்று மரத்திலிருந்து கத்தினான்.

"மானும் கெடல, மானமும் கெடல. உன் மூக்குதான்டா கெட்டுது."

ஆர்வோ மாமாவுக்குச் சிரிப்பு வரவில்லை. "அவன் அம்ப விட்டிருந்தா என்னடி பண்ணிருப்ப? அறிவிருக்கா?" என்று சமையலறை அதிரக் கேட்டார். தலையைக் குனிந்துகொண்டேன். அறிவு இருந்தது, கூட எடுத்துப் போகவில்லை.

தீர்ப்பு: இந்த வருஷம் மானுக்காக ஒளிந்து உட்கார எனக்குத் தனிப் பலகைக் கூண்டு கிடையாது. அம்மாவோடு ஒரே கூண்டில், ஒரே பெஞ்சில், கண்பார்வையிலேயே.

நவம்பர் 13

சாமான்களைத் தரையில் பரப்பியாகிவிட்டது. பூனை அதன் மேல் பரவியாகிவிட்டது.

அப்பாவின் பழைய 243 ரைஃபிள். அப்பா இரும்புத்தாது ஏற்றும் கப்பலில் இருக்கிறார். ஏரி உறைந்தால்தான் வீடு. அதனால் துப்பாக்கி எனக்கு. ஸ்கோப்பை நானே துடைத்து, சரளைக்கல் குழியில் போய்க் காகிதத்தட்டில் சுட்டுச் சரிபார்த்தேன். அம்மா வரவில்லை. "என் துப்பாக்கிக்கு எங்க பாக்கணும்னு தெரியும், நீ போ" என்றாள். அவளுடையது லீவர் இழுத்துச் சுடும் 30-30. ஸ்கோப்பெல்லாம் கிடையாது, வெறுங்கண் குறிதான். என் தோட்டா ஒல்லி, அம்மாவின் குண்டு நிஜமாகவே குண்டு.

அப்புறம் ஆரஞ்சு ஜாக்கெட். போட்டுக்கொண்டால் சாலை மறிக்கிற கூம்புக்குக் கால் முளைத்த மாதிரி இருக்கிறேன். கைச்சூட்டுப் பொட்டலங்கள். கத்தி. இழுவைக் கயிறு. பனிக்கட்டியில் மீன் பிடிக்கப் போகும்போது இழுக்கும் பிளாஸ்டிக் சறுக்குத்தொட்டி. ஒரு குட்டி பாட்டிலில் பெண்மான் மூத்திரம் — ஆமாம், கடையில் காசு கொடுத்து வாங்கியது. ஆண்மானை மயக்க. யார் பிடித்தார்கள், எப்படிப் பிடித்தார்கள் என்று யோசித்தால் எனக்கு மயக்கம் வருகிறது.

போன இரண்டு வேட்டைப் பருவமும் எனக்கு ஒன்றும் விழவில்லை. ரூடிக்குப் பதின்மூன்று வயதிலேயே விழுந்தது. அதை வாரம் ஒரு முறை ஞாபகப்படுத்துவான், மாத்திரை மாதிரி.

நவம்பர் 14

நாளை பள்ளிக்கூடம் கிடையாது. ஆசிரியர்களே காட்டில் இருக்கும்போது யார் நடத்துவது? வேட்டைக் கேம்ப்புக்கு வந்தாயிற்று. சுவரில் சட்டைவால்கள் தொங்குகின்றன. குறி தவறியவனின் சட்டைப் பின்பக்கத்தை வெட்டி, பெயர் எழுதி ஆணியடித்துவிடுவார்கள். மாமாவுடையதே நாலைந்து இருக்கிறது. அம்மாவுடையது ஒன்றுகூட இல்லை. கேம்ப்பில் அவள் சட்டை மட்டும்தான் முழுசு.

நவம்பர் 15

விழுந்தது. என் மான்.

என் மானா?

வரிசையாக எழுதுகிறேன். இல்லாவிட்டால் எனக்கே குழம்பும்.

இருட்டிலேயே கூண்டுக்குள் போய்விட்டோம். கணுக்கால் வரை பனி. அம்மா ஜன்னலின் வலது ஓரம், நான் இடது ஓரம். விடிந்தது. ஒரு அணில் எங்களைத் திட்டியது. கால்விரல்கள் இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்க்க முடியாத நிலைமை. அப்போது தேவதாரு ஓரத்திலிருந்து வெளியே வந்தது. ஆண்மான். கொம்பு இருக்கிறது, அவ்வளவுதான் பார்த்தேன். மிச்சமெல்லாம் என் நெஞ்சு அடித்துக்கொள்ளும் சத்தம்.

அம்மா என் காதோரம் மூச்சுவிடுகிற மாதிரி சொன்னாள்: "இடது பக்கத்தத நீ எடு."

இடது பக்கத்ததா? மான் ஒன்றுதானே? இடது தோள்பட்டையைச் சொல்கிறாளோ என்று நினைத்தேன். கேட்க நேரமில்லை. ஸ்கோப்பில் முன்னங்காலுக்குப் பின்னால் வைத்தேன். பாதுகாப்புப் பூட்டைத் தள்ளினேன். பிறகு — இங்கேதான் எனக்கு ஓட்டை. அழுத்தினது ஞாபகம் இல்லை. துப்பாக்கி தோளை இடித்தது. சத்தம் வந்தது. ஒன்றா இரண்டா? இரண்டு. ஒன்றின் முதுகில் ஒன்று ஏறின மாதிரி இரண்டு.

மான் துள்ளி ஓடி, அல்டர் புதரில் விழுந்தது. அதன் பக்கத்தில் நின்றபோது குதிக்க வேண்டும்போல இருந்தது. அதே நேரம் மன்னிப்புக் கேட்க வேண்டும்போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் கையுறையைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தேன். அம்மா மானைப் பார்க்கவே இல்லை. கூண்டுக்கு முன்னால் பனியைக் குனிந்து தேடிக்கொண்டிருந்தாள். போனாள், வந்தாள், மறுபடி போனாள். பனியில் ஒரு மானின் தடம்தான் இருந்தது.

"அம்மா, நீயும் சுட்டியா?"

"இல்லியே."

"ரெண்டு சத்தம் கேட்டுதே?"

"எதிரொலிடி. மேட்டுல பட்டுத் திரும்பும்." முகம் வெளுத்திருந்தது. "கொம்புல எத்தனை கிளைன்னு எண்ணிச் சொல்லு."

"எட்டு. நீயே பாரேன்."

"உன் மானு, நீ எண்ணு."

குடலெடுத்தோம். என் வேட்டை உரிம அட்டையைத்தான் கொம்பில் கட்டினோம். சறுக்குத்தொட்டியில் போட்டு இழுத்து வந்தோம். முதல் மான் என்று மாமா என் இரண்டு கன்னத்திலும் அதன் ரத்தம் தடவினார். எல்லாரும் கத்தினார்கள். நானும் கத்தினேன்.

நவம்பர் 16

ஊர்க் கம்பத்தில் மற்ற மான்களோடு என் மானும் தொங்குகிறது. முன்பின் தெரியாதவர்கள்கூடக் கை குலுக்கினார்கள். சாப்பாட்டு மேஜையில் என் வாய் சும்மா இருக்கவில்லை.

"மாமா, எனக்கென்னமோ அம்மாதான் சுட்டான்னு தோணுது."

மாமா கறி பொதிந்த பேஸ்டியை வாயில் வைத்தபடியே சிரித்தார். "ஆரம்பிச்சிட்டாடா!"

"நெஜமா மாமா. ரெண்டு சத்தம் கேட்டுது."

"நீ நெஜம்னு சொன்னா நாங்க கதவத் தாழ் போட்டுக்கணும்," என்றான் ரூடி. ஐந்து நாளில் அவன் என்னோடு பேசிய முதல் வாக்கியம். "மானா இருந்து உறுமுன, இப்ப மனுஷியா உறுமுறியா?"

அம்மா உருளைக்கிழங்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிக்கவில்லை. மறுக்கவும் இல்லை.

நவம்பர் 18

தெர்மாஸை மறந்துவிட்டேன் என்று கூண்டுக்குத் திரும்பிப் போனேன். நிஜமாகவே மறந்துதான் இருந்தேன், சத்தியம். பெஞ்சுக்கு அடியில், பலகை இடுக்கில், ஒரு காலி பித்தளைத் தோட்டா. என்னுடையது என் பாக்கெட்டில் ஞாபகார்த்தமாக இருக்கிறது. இது தடி. 30-30. பளபளவென்று இருக்கிறது; போன வருஷத்தது இல்லை.

அப்படியென்றால் அம்மா சுட்டிருக்கிறாள்.

அப்படியென்றால் மானில் இருந்த ஒரே ஓட்டை, குறியே தவறாத அம்மாவுடையது. பதினாறு வயதாகியும் ஒன்றும் விழவில்லையே, அழுவாளே என்று தன் மானுக்கு என் அட்டையைக் கட்டிவிட்டாள். அம்மா! அடுத்தவர் மானுக்கு அட்டை கட்டுவது குற்றம் என்று எனக்கு வேட்டைப் பயிற்சி வகுப்புக்கு முன்னாலேயே ஒப்பிக்கக் கற்றுக்கொடுத்தவள்!

நவம்பர் 19

என்ன பண்றது?

கேட்டால் பொய் சொல்கிறாள். சொன்னால் யாரும் நம்பமாட்டேன் என்கிறார்கள். அப்பாவுக்குப் படம் போயிருக்கிறது. கப்பல் சமையல்காரர் முதற்கொண்டு வாழ்த்துச் சொல்லியிருக்கிறாராம். எல்லாரையும் ஏமாத்துறவ நான்; என்னை ஏமாத்தினது எங்கம்மா. அதுவும் பாசத்துல. பாசத்துல ஏமாத்தினா எப்படிப் பழி வாங்குறது? உப்பு டப்பாவில் சர்க்கரையா போட முடியும்?

எனக்குக் கோபம். இல்லை, அழுகை. இல்லை, பசி. தெரியவில்லை.

நவம்பர் 22

தோல் உரித்துக் கறி பிரிக்கும் நாள். கார் கொட்டகையில் நானும் அம்மாவும் மட்டும். குண்டு நுழைந்த ஓட்டை இருந்தது, வெளியேறின ஓட்டை இல்லை. அதனால் உள்ளேதான் இருக்க வேண்டும். அந்தப் பக்கத் தோளில் விரலை விட்டுத் துழாவினேன். தோலுக்கும் சதைக்கும் நடுவில் அகப்பட்டது. முன்பக்கம் காளான் மாதிரி விரிந்திருந்தது. பின்பக்கம் மட்டும் நசுங்காமல் அப்படியே வட்டமாக.

அம்மாவின் கண்ணெதிரிலேயே இரண்டு பித்தளையையும் மேஜையில் வைத்தேன். அவள் கத்தி நின்றது.

குண்டின் பின்பக்கத்தை அம்மாவின் பித்தளை வாயில் விட்டேன். தொளதொளவென்று உள்ளே போய் ஆடியது. என் பித்தளையில் விட்டேன். நறுக்கென்று உட்கார்ந்தது.

மறுபடி செய்தேன். மறுபடியும் அதேதான்.

என்னுது. என் மான் என் மான்தான்! ஒரு விநாடி வானத்தில் இருந்தேன். அடுத்த விநாடி கீழே: அப்படியென்றால் அம்மாவின் குண்டு எங்கே? அம்மா தவறவிட்டாளா? இந்த வீட்டில் சூரியன் தவறினாலும் தவறும்...

"நீ ஏம்மா சுடலன்னு சொன்ன? சட்டைய வெட்டிடுவாங்கன்னா?"

எனக்குள் குறும்பு குதித்துக்கொண்டிருந்தது, ஒளிக்கவில்லை. ரூடிக்கு எப்படிச் சொல்வது, எந்த இடத்தில் நிறுத்துவது என்றுகூட யோசித்துவிட்டேன்.

அம்மா கத்தியைத் துடைத்தாள். ரொம்ப நேரம் துடைத்தாள்.

"ரெண்டு மானு நின்னுது," என்றாள். "இடது பக்கம் ஒண்ணு, வலது பக்கம் ஒண்ணு. ஒரே மாதிரி. நீ இடதுல சுடு, நான் வலதுல சுடறேன்னு..."

"ஒண்ணுதாம்மா நின்னுது."

"அப்புறம் தடத்தப் பாத்தேன்ல. தெரியும்."

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

"எப்பலேர்ந்தும்மா?"

"கோடையிலேர்ந்து. வெளிச்சம் கம்மியா இருந்தா ரெண்டு ரெண்டா தெரியுது. சரியாயிடும். மாமாகிட்ட வாயத் தொறக்காத. யார்கிட்டயும்."

நவம்பர் 23

இதை வைத்து என்ன செய்வது என்று தெரியவில்லை. என் வாழ்க்கையிலேயே இவ்வளவு நல்ல கதை கைக்கு வந்ததில்லை. ஒரு துளி சந்தோஷம் இல்லை.

நவம்பர் 25

நாளை ராத்திரி ஏரிக்காற்றோடு பனி கொட்டப்போகிறதாம், முழங்கால் வரை. அம்மா பூட்ஸை எடுத்து அடுப்புப் பக்கம் வைத்தாள். அவள்தான் எங்கள் பகுதியில் பனி தள்ளும் லாரி ஓட்டுகிறாள். விடியுமுன் கிளம்பி, பள்ளிப் பேருந்து வருவதற்குள் சாலையைத் திறக்க வேண்டும். அதுவும் இருட்டில். வெளிச்சம் கம்மியில்.

ஜோக்காகத்தான் ஆரம்பித்தேன். எனக்கு வேறு மாதிரி பேசத் தெரியாது.

"அம்மா, ரோட்டுல ரெண்டு பஸ் வந்தா எந்த பஸ்ஸுக்கு வழி விடுவ?"

"வாய மூடு."

"இடதா, வலதா?"

"மூடுன்னேன்!"

"அதுல ஒண்ணு நெஜமான பஸ், அம்மா. உள்ள பசங்க இருக்கும். எந்தப் பக்கத்தத இடிப்பன்னு சொல்லு, நான் அதுல ஏறமாட்டேன்..."

நான் முடிப்பதற்குள் அம்மா தட்டைத் தொட்டிக்குள் எறிந்தாள். "பதினேழு குளிர்காலமா ஓட்டறேன்டி! ஒரு தபால்பெட்டிய இடிச்சதில்ல! எனக்குச் சொல்லித்தர வந்துட்டா!" கதவைச் சாத்திக்கொண்டு சவுனா நீராவி அறைக்குள் போய்விட்டாள். உள்ளே நெருப்பே மூட்டவில்லை. குளிர்ந்த சவுனாவில் யாராவது உட்காருவார்களா?

தப்பாகச் சொல்லிவிட்டேனா? சொல்லாமல் இருந்திருக்க வேண்டுமா? மாமாவிடம் போகவா? போனால் நம்புவாரா? நான் யார், இந்தக் காட்டிலேயே பெரிய புளுகி. எனக்கு மான் வேண்டியதில்லை, எட்டுக் கிளையும் வேண்டியதில்லை, யாராவது என்ன செய்யணும்னு மட்டும் சொல்லுங்க.

நவம்பர் 26

காலையில் அம்மா மேலதிகாரிக்குப் போன் செய்தாள். "இல்ல, காய்ச்சல் இல்ல," என்றாள். "கண்ணு."

நவம்பர் 30

பருவம் முடிந்தது. கேம்ப்பில் அம்மா எழுந்து நின்று, தான் சுட்டதையும் தவறியதையும் சொன்னாள். மாமா என்னைத்தான் பார்த்தார்: "இத சொல்ல அவளுக்கு எவ்ளோ குடுத்த?" அம்மா கத்தரிக்கோலை எடுத்து, தன் சட்டையைத் தானே வெட்டி அவர் மடியில் போட்டாள். அப்புறம் கண்ணைப் பற்றிச் சொன்னாள். யாரும் ஆணி தேடவில்லை. ரூடி எனக்கு ஒரு கோப்பை காபி ஊற்றினான். உப்பு போட்டிருக்கிறானா என்று முகர்ந்து பார்த்தேன். வெறும் காபி.

டிசம்பர் 9

மார்கெட் என்கிற ஊருக்குக் கண் டாக்டரிடம் போய் வந்தோம். இரண்டு கண்ணிலும் புரை, வலதில் அதிகம். ஜனவரியில் அறுவை. அதுவரை அம்மாவை அலுவலகத்தில், லாரிகளுக்கு உத்தரவு சொல்லும் ரேடியோ மேஜையில் உட்கார வைத்திருக்கிறார்கள். லாரிக்காரர்கள் எல்லாரும் நடுங்குகிறார்களாம்.

திரும்பும்போது நான்தான் ஓட்டினேன். அம்மாவுக்குக் கண்ணில் சொட்டுமருந்து விட்டிருந்தார்கள். அட்டைக் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, காலால் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தாள். வெயில் போய்விட்டது, பனி நீலமாக இருந்தது.

"மான் பாத்து ஓட்டு."

"பாத்துட்டுதான் வரேன்." பிறகு, "அம்மா, மான்."

"எங்க?"

"வலது பக்கம். பள்ளத்துல நிக்குது."

"ஒண்ணா, ரெண்டா?"

ஏழு என்றிருக்கலாம். ஒட்டகச்சிவிங்கி என்றிருக்கலாம்.

"ஒண்ணு."

"சரி," என்றாள். வேகத்தைக் குறைத்தேன். மான் எங்களைப் பார்த்தது, கடக்காமல் நின்றது. வண்டியின் பின்பார்வைக் கண்ணாடியில் அது சின்னதாகும்வரை நான் பார்த்துக்கொண்டே வந்தேன். அம்மாவிடம் ஏதோ சொல்லலாம் என்று திரும்பினேன். அவள் கால் பிரேக்கைத் தேடவில்லை. கதவில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டிருந்தாள்.