மம்மு தீ, டாட்டா

கிழக்கு தாம்பரம்
ஞாயிற்றுக்கிழமை காலை

அன்புள்ள ஸ்ம்ருதிக்கு,

அம்மா எழுதுவது. நேற்று சாயங்காலம் ஐந்தேகால் மணிக்கு டாக்டர் சரோஜினி எடை பார்த்துச் சொன்னது, குழந்தை அனிருத் பத்து கிலோ நானூறு கிராம். போன மாதமும் அதேதான், ஏறவில்லை, இறங்கவும் இல்லை. ஷூவைக் கழற்றிவிட்டு இன்னொரு தடவை பார்க்கச் சொன்னேன், அதே எண்தான் வந்தது. மாப்பிள்ளை உன்னிடம் கிட்டத்தட்ட பத்தரை என்று சொன்னாராம், அது உன்னைச் சமாதானப்படுத்தச் சொன்னது, நீ நானூறு என்றே வைத்துக்கொள். காய்ச்சல், சளி ஒன்றும் கிடையாது, ஓட்டத்துக்கும் குறைச்சல் இல்லை. அப்பாவுக்கு வழக்கமான முழங்கால் வலி, மாப்பிள்ளையும் நானும் நன்றாக இருக்கிறோம். லீட்ஸில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருக்கிறாய் என்று எழுதத்தான் ஆசை, ஆனால் வியாழக்கிழமை உன் குரலைக் கேட்டேனே, அதனால் அப்படி எழுத முடியவில்லை.

போனில் சொல்லாமல் எதற்கு எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனைக் கையில் எடுத்தாலே இவன் எங்கிருந்தாலும் ஓடி வந்து மடியில் ஏறிக்கொள்கிறான். இது அவன் காதில் விழும்படி பேசுகிற விஷயம் இல்லை. தவிர, நடுவில் நீ அழுதால் நான் பாதியில் நிறுத்திவிடுவேன். எழுதினால் முழுக்கச் சொல்லிவிடலாம். மாப்பிள்ளை படம் எடுத்து இன்றைக்கே அனுப்பிவிடுவார். இதற்குள் இரண்டு தடவை எழுந்து போய் அவன் தூங்குகிறானா என்று பார்த்துவிட்டு வந்தேன். காலை இட்லி ஒன்றேகால் சாப்பிட்டான், அடம் பிடிக்காமல்.

காலையில் சாப்பிடுகிறவன் மத்தியானமும் ராத்திரியும் ஏன் வாயைத் திறப்பதில்லை என்பதுதான் இந்த இரண்டு மாதமாக இந்த வீட்டில் பேச்சு. ராத்திரி முழுக்க வயிறு காலியாக இருப்பதால் காலையில் பசிக்கிறது என்று நான் சொன்னேன். அப்பா, உன் இட்லியைக் குறை சொல்லக் கூடாது, சாதம்தான் குழையலை என்றார். நான் குழைத்தேன். இது சாதமா சுவரொட்டி ஒட்டுகிற பசையா என்றும் அவரே கேட்டார். பால்கனியில் நின்று காக்கா மாதிரி கத்தியும் பார்த்தார், எதிர் பிளாக் பிள்ளைகள் கைதட்டினார்கள், இவன் மட்டும் கன்னத்தில் ஒரு வாய் சாதத்தை ஒதுக்கிக்கொண்டு முப்பத்தைந்து நிமிஷம் உட்கார்ந்திருந்தான். இதையெல்லாம் ஒரு நோட்டில் நேரத்தோடு எழுதி வைத்திருக்கிறேன், டாக்டர் கேட்டால் உத்தேசமாகச் சொல்லக் கூடாது என்று, பத்திரிகைக்கு எழுதிய பழக்கம் இன்னும் போகவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் உன்னை வீடியோவில் கூப்பிடுவது என் யோசனை. மாப்பிள்ளையும் சொல்லவில்லை, அப்பாவும் சொல்லவில்லை. அம்மா முகத்தைப் பார்த்தால் இரண்டு வாய் கூடுதலாக இறங்கும் என்று நினைத்தேன். அதற்காக நீ காலை எட்டு மணிக்கு பஸ்ஸில் நின்றுகொண்டு ஆ காட்டு கண்ணா என்பதும், மூன்று மணிக்கு ஆபீஸ் மாடிப்படியில் வந்து நிற்பதும் எனக்குத் தெரியாதது இல்லை. தட்டு காலியானால் நான் சொல்வதும் உனக்குத் தெரியும், சமத்து, மம்மு தீந்துடுத்து, அம்மாவுக்கு டாட்டா சொல்லு. சொல்லிவிட்டு அணைத்துவிடுவேன், உனக்கு வேலை இருக்குமே என்று.

போன திங்கட்கிழமை ராத்திரி அவன் என் போனைத் தூக்கி ரசத்தில் போட்டான். ரிப்பேர் கடைக்காரர் அதை அரிசியில் புதைத்து வைத்துவிட்டு, புதன்கிழமை சாயங்காலம் வரை தன்னையும் சேர்த்துப் புதைத்துக்கொண்டவர் மாதிரி ஒரு பதிலும் சொல்லவில்லை. அப்பாவிடம் இருப்பது பட்டன் போன், மாப்பிள்ளை வருவதற்குள் இவன் தூங்கிவிடுவான். அதனால் இரண்டு நாளும் உன்னைக் கூப்பிட வழியில்லை. நோட்டில் இருப்பதை அப்படியே எழுதுகிறேன். செவ்வாய் மத்தியானம் பருப்பு சாதம் ஒன்றரைக் கரண்டி, பதினெட்டு நிமிஷம். ராத்திரி ஒரு தோசை. புதன் மத்தியானம் ரசம் சாதம், உருளைக்கிழங்கு, இருபது நிமிஷம், தட்டைத் துடைத்துவிட்டான். செவ்வாய்க்கிழமை இரண்டு தடவை அம்மா எங்கே என்று கேட்டான், புதன்கிழமை ஒரு தடவை. அதை எழுதாமல் விட்டால் மற்றதையும் நீ நம்பக் கூடாது. வியாழக்கிழமை போன் கையில் வந்ததும் மத்தியானம் உன்னைக் கூப்பிட்டேன், நான்கு வாய்க்கு மேல் இல்லை, உதட்டை இறுக்கி மூடிக்கொண்டான். அப்போதுதான் நீ சொன்னாய், என் மூஞ்சியைப் பார்த்தாலே வாயை மூடிக்கறாம்மா, என்னை அவனுக்குப் பிடிக்கலை, மாசக் கடைசிக்குள்ள மேனேஜருக்கு எழுதிட்டு வந்துடறேன் என்று.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உன்னோடு பேசும்போது சாப்பாட்டுக்கு நடுவில் அவன் ஒன்று சொல்வானே, மம்மு தீ, டாட்டா என்று, நோட்டில் அது பதினோரு இடத்தில் இருக்கிறது. அடுப்பு பக்கம் போனால் தீ, தீ என்று நாம் பயமுறுத்துவதால், சாதம் சுடுகிறது, வேண்டாம், எடுத்துக்கொண்டு போ என்கிறான் என்று நான் அர்த்தம் பண்ணிக்கொண்டேன். அதற்காக இத்தனை நாளும் சாதத்தை ஃபேனுக்கு அடியில் வைத்து ஜில்லென்று ஊட்டியிருக்கிறேன் பார். வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு சமையலறையில் தண்ணீர் கேன் காலி. இவன் போய் கேனின் குழாயைத் திருகிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்து, தண்ணி தீ என்றான். தண்ணீர் எப்படிச் சுடும்? முனியம்மா பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். பெரும்பாக்கத்திலிருந்து பஸ் பிடித்து வருகிறவள், அன்றைக்கு பஸ் லேட் என்று ஏற்கனவே கோபத்தில் இருந்தாள். இவன் என்ன சொல்றான் என்று கேட்டேன். இன்னாம்மா நீ, தண்ணி தீந்து பூட்ச்சுன்னு சொல்லுது புள்ள, இது கூடவா புரியல, இத்தினி நாளு பேப்பருக்கு இன்னாத்த எழுதிக்கினு இருந்த என்றாள். அவன் சொன்னதை ஒரு எழுத்து மாறாமல் எழுதி வைத்திருந்தேன், அர்த்தத்தை மட்டும் யாரிடமும் விசாரிக்கவில்லை.

மம்மு தீர்ந்தால் அம்மா டாட்டா. அவன் சொல்லிக்கொண்டிருந்தது அதுதான் ஸ்ம்ருதி. தட்டு காலியானதும் நீ போய்விடுகிறாய் என்று நான்தான் தினம் இரண்டு வேளை அவனுக்குப் பாடம் நடத்தியிருக்கிறேன். காலையில் உனக்கு நடுராத்திரி, கூப்பிடுவதில்லை, அதனால்தான் இட்லி மட்டும் இறங்கியிருக்கிறது. உடனே உனக்குச் சொல்லவில்லை, ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று இருந்தேன். நேற்று மத்தியானம் நீ பேசிக்கொண்டிருக்கும்போது போனை நிமிர்த்தி வைத்துவிட்டு அவனையே பார்த்தேன். தட்டில் இரண்டு வாய் இருக்கும்போது இரண்டு கையாலும் தட்டை மூடிக்கொண்டான். என்னைத் தள்ளவில்லை, ஸ்பூனைத் தட்டிவிடவில்லை, மூடிக்கொண்டு உன்னைப் பார்த்துச் சிரித்தான். உனக்கு அவன் முகம் மட்டும்தான் தெரிந்திருக்கும். உன்னைப் பிடிக்காத பிள்ளை செய்கிற காரியம் இல்லை அது.

டாக்டரிடம் இதைச் சொன்னேன். இருக்கலாம் என்றார், அதுதான் என்று சொல்லவில்லை, நானும் அப்படியே உனக்குச் சொல்கிறேன். மூன்று டம்ளர் பாலை இரண்டாகக் குறைக்கச் சொன்னார், அதுவும் சாப்பாட்டுக்கு முன்னால் வேண்டாமாம். தட்டை இருபத்தைந்து நிமிஷத்துக்கு மேல் வைக்காதீர்கள், சாப்பிடாவிட்டால் திட்டாமல் எடுத்துவிடுங்கள், அவனே கையால் அள்ளட்டும் என்றார். டானிக் எழுதவில்லை. அப்பாவுக்கு அதில் வருத்தம், ஃபீஸ் வாங்கினால் ஒரு பாட்டிலாவது எழுத வேண்டும் அவருக்கு.

நான் கேட்பது ஒன்றுதான். நாளையிலிருந்து சாப்பாட்டு நேரத்தில் கூப்பிட மாட்டோம், நீயும் கூப்பிடாதே. இங்கே சாயங்காலம் நாலரை, உனக்குப் பகல் பன்னிரண்டு, அவன் தூங்கி எழுந்து விளையாடுகிற நேரம், அப்போது அரை மணி பேசு. மம்மு என்ற வார்த்தையே எடுக்காதே, சாப்பிட்டியா என்று கூடக் கேட்காதே. இது உனக்குச் சுலபம் இல்லை என்று தெரியும். அவன் சாப்பிடுவதை நீ பார்க்க முடியாது, என் நோட்டை நம்ப வேண்டும், அதுவும் இவ்வளவு பெரிய தப்பு பண்ணின என்னை. வேலையை விட்டுவிட்டு வா என்றோ வராதே என்றோ நான் சொல்லவில்லை, அங்கே உன் வேலை முடிய இன்னும் ஏழு மாதம் பாக்கி இருக்கிறது, அது நீயும் மாப்பிள்ளையும் பேசி முடிவு செய்ய வேண்டியது. வருவதானால் அவனைப் பார்க்க ஆசைப்பட்டு வா, அவனுக்கு உன்னைப் பிடிக்கவில்லை என்று வராதே. அதற்கு ஆதாரம் இல்லை. மேனேஜருக்கு எழுதுவதை அடுத்த எடை வரைக்கும் தள்ளிப்போடு.

படியில் நின்றுகொண்டு பிஸ்கட் தின்கிற பழக்கத்தை விடு, சாப்பாடு எடுத்துக்கொண்டு போ, தலையைக் காயவைக்காமல் வெளியே கிளம்பாதே. உனக்கு எல்லாம் நல்லபடியாக நடக்கும், நானும் அப்பாவும் தினம் விளக்கேற்றும்போது உன் பேரைச் சொல்லித்தான் கும்பிடுகிறோம், தீர்க்காயுசாக இரு. தடுப்பூசி அட்டையின் படத்தை மறக்காமல் அனுப்பு, டாக்டர் கேட்கிறார்.

அடுத்த எடை இரண்டு வாரம் கழித்து, சனிக்கிழமை ஐந்து மணிக்கு. அதற்கு முன்னால் தெரிய வேண்டியது இன்னொன்று இருக்கிறது. பக்கத்தில் தட்டே இல்லாதபோது, நீ பேசி முடித்து டாட்டா சொன்னால் அவன் என்ன செய்வான் என்று இங்கே ஒருவருக்கும் தெரியாது. அழுதால் அழட்டும், கூடத்தான் இருப்போம். நாளை சாயங்காலம் ஐந்து மணிக்குத் தெரிந்துவிடும்.

இப்படிக்கு
உன் அம்மா
திரிபுரசுந்தரி