ஒரு பக்கமாக மெல்லுகிறாய், தம்பி

அன்புள்ள எலிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே நானும் உன் அத்தானும் சுகம். விளையாட்டு வாத்தியாராகித் தலை நரைத்த பிறகும் எலி என்று கூப்பிடுகிறாளே என்று முகம் சுளிக்காதே. பென்சில் முதல் ஜன்னல் திரை வரை கடித்துக் குதறியவனுக்கு வேறென்ன பெயர் வைப்பது? போனில் சொன்னால் பேச்சை மாற்றுவதில் நீ கெட்டிக்காரன். அதனால்தான் கடிதம்.

அப்பாவின் ஸ்டூடியோ ஞாபகம் இருக்கிறதா? முன்னால் கேமரா, நடுவில் படம் கழுவும் இருட்டறை, அதற்குப் பின்னால் நாம் நாலு பேரும் படுத்த ஒரே அறை. ஊரையே பல் தெரியச் சிரிக்க வைத்த மனுஷனால் உன் வாயைத் திறக்க வைக்க முடியவில்லை. முன்பல் ஆட ஆரம்பித்ததும் நீ போய் இருட்டறைக்குள் உட்கார்ந்துகொண்டாய். சிவப்பு விளக்கில், மருந்துத் தொட்டிகளுக்கு நடுவே, உதட்டை இறுக்கிக்கொண்டு. அழக்கூட இல்லை, அழுதால் வாய் திறந்துவிடுமே! சாப்பாட்டை ஒரு பக்கமாகவே மென்றாய். அதை முதலில் கவனித்தது நான்தான். பல் விழுந்ததும் "இவ்ளோதானா?" என்று நீ கேட்டதை, படம் எடுக்க வருகிறவர்களிடமெல்லாம் சொல்லி அப்பா சிரிப்பார். அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் மனசு நிறைந்துவிடுகிறது.

போன வாரம் வீடியோவில் நீ சாப்பிட்டுக்கொண்டே பேசினாய். ஒரு பக்கமாக மென்றாய். சிரிப்பு வந்தபோது கையால் வாயை மறைத்தாய்.

நீ பள்ளிக்கூடம் போன நேரம் பார்த்து உன் மனைவியைக் கூப்பிட்டேன். அவளைத் திட்டாதே, நான்தான் விடாமல் துளைத்தேன். ஈறு வீங்கி ரத்தம் வருகிறது, சர்க்கரை ஏறிக்கிடக்கிறது, மைதானத்தில் விசிலைக் கடிக்க முடியாமல் கைதட்டிப் பிள்ளைகளைக் கூப்பிடுகிறாய் என்றெல்லாம் சொன்னாள். டாக்டரைக் கேட்காமல் மருந்துக்கடையில் வலி மாத்திரை வாங்கி விழுங்குகிறாய் என்றதும் ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். "அக்கா குடுத்த கிட்னிய கெடுத்துட்டேன்னு நினைப்பாங்க, அவங்ககிட்ட சொல்லாதேன்னு சத்தியம் வாங்கிட்டார் அண்ணி" என்று அழுதாள்.

அட மடையா. ஒற்றைக் கிட்னியோடு இருக்கிற எனக்கே அந்த மாத்திரையைத் தொடாதே என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். உனக்கு அது எவ்வளவு கெடுதல்! கிட்னியை உடம்பு தள்ளிவிடாமல் இருக்க நீ தினமும் சாப்பிடும் மாத்திரை எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும். சர்க்கரையும் சேர்ந்தால் ஈறுப் புண் ஈறோடு நிற்காது என்று நர்ஸம்மா நம் இருவரையும் உட்கார வைத்துத்தானே சொன்னார்?

ஆபரேஷன் முடிந்து அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரே மாதிரி அங்கி போட்டுக்கொண்டு, வயிற்றைப் பிடித்தபடி நடந்தோமே. சிரித்தால் எனக்குத் தையல் வலிக்கும் என்று தெரிந்தே டாக்டர் மாதிரி நடித்துக் காட்டினாய், படுபாவி. வேடிக்கையைப் பார், அந்தப் பின்னறைக்கு அப்புறம் நாம் அவ்வளவு நெருங்கி இருந்தது அங்கேதான்.

வலி மாத்திரையை இன்றே நிறுத்து. மற்ற மாத்திரைகளில் கை வைக்காதே. கிட்னி டாக்டரிடம் எதையும் ஒளிக்காமல் சொல்லிவிட்டு, அவர் சொல்கிறபடி பல் டாக்டரிடம் போ. அங்கேயும் நாற்காலியில் சாய்வதற்கு முன்பே எல்லாவற்றையும் சொல்லிவிடு. பல் போனால் போகட்டும்.

கொடுத்த அன்றே அந்தக் கிட்னி உன்னுடையதாகிவிட்டது. என்ன செய்தாய் என்று கேட்க மாட்டேன். என் பயம் வேறு. அது கெட்டுப்போனால் நீ மறுபடியும் ரத்தத்தைச் சுத்தம் பண்ணும் அந்த மெஷினோடு கிடப்பாய், நான் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். என்னிடம் மிச்சம் இருப்பது ஒன்றுதான். அதையும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று டாக்டரின் காலில் விழுந்துவிடுவேன், எனக்கு என்னைத் தெரியும். அந்த இடத்தில் என்னைக் கொண்டுபோய் நிறுத்திவிடாதே, தம்பி.

நீ நன்றாக இருக்க வேண்டும். எனக்கு அது போதும்.

உன் அக்கா