மூன்றாவது பாட்டில் ஓர் ‘ஏளா’

ஜூலை 8, திங்கள்

கச்சான் காற்று. கொடியில் போட்ட சேலை பக்கத்து வீட்டு மொட்டை மாடியில். துறைமுக ஆபீஸில் ஆறு கண்டெய்னர் பேப்பர். ஒரு கம்பெனிப் பெயரில் ஓர் எழுத்து தப்பு. நான்தான் பிடித்தேன்.

செல்வின் படத்துப் பாட்டெல்லாம் வந்துவிட்டது. ஏழு பாட்டு. நாசரேத் பள்ளிக்கூடத்துப் பாட்டுக் குழுவில் என் பக்கத்தில் நின்றவன். இப்போது பெரிய பாடகன், இந்தப் படத்தில் கதாநாயகனும் அவனே. பாட்டும் சிரிப்புமான படமாம், ‘உப்பளத்து மாப்பிள்ளை’. போன தை மாதம் என்னை ஸ்டூடியோவுக்குக் கூப்பிட்டு மூன்றாவது பாட்டைப் பாட வைத்தான். புருஷனைப் பற்றித் தோழியிடம் புலம்பும் பாட்டு. “உன் கொரல்தாம்ளா வரும், பேரும் வரும்” என்றான்.

கேட்டேன். வேறு யாரோ, சென்னைக்காரி. பெயரும் அவள் பெயர்தான். அழுகை வரவில்லை, கோபம்தான்.

ஜூலை 9, செவ்வாய்

செ.-க்கு மூன்று தடவை போன். எடுக்கவில்லை. வாட்ஸ்அப்பில் நீல டிக், பிறகு ஒரு கும்பிடு பொம்மை. எதற்குக் கும்பிடு? ஏதோ செய்திருக்கிறான்.

வாங்க: உளுந்து, பல்பு, வீட்டுக்காரருக்கு இருமல் மருந்து.

பஸ்ஸில் அதே பாட்டு. முன் சீட்டில் ஒருத்தி: “பாட்டு நல்லாத்தான் படிக்கா.” படிக்கட்டும்.

ஜூலை 11, வியாழன்

ஹெட்போனில் திரும்பத் திரும்ப. எங்கள் ஊரில் தோழியைக் கூப்பிடும் ‘ஏளா’வை அவள் எல்லா இடத்திலும் ‘ஏலா’ என்கிறாள். நாக்கு மடங்கவில்லை. ஆனால் கடைசிச் சரணத்துக்கு முன்னால் ஒரே ஒரு ‘ஏளா’, அப்புறம் ஒரு சிரிப்பு. அந்த ளா சுத்தம்.

அது நான். அன்று ஸ்டூடியோவில் பாடும்போது வரி மறந்துபோய், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண்ணிடம் “ஏளா, மறந்துட்டேன்” என்று சிரித்தேன். மைக் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. பாடினதைத் தள்ளிவிட்டு, தப்பை மட்டும் எடுத்துக்கொண்டானா?

வீட்டுக்காரரிடம் போட்டுக் காட்டினேன். “ஒனக்கு எதுலயும் சந்தேகம். ஆபீஸ் புத்தி.” இன்னொரு தரம் கேட்டார். “சிரிப்பு ஒஞ் சிரிப்புதாம்ளா.”

ஜூலை 12, வெள்ளி

படம் இன்று ரிலீஸ். செ. தானாகவே போன் செய்தான்.

“ஏளா கோமளா, நீ நல்லாத்தான் படிச்ச. கம்பெனிக்காரவ தெரிஞ்ச பேரு வேணும்னுட்டாவ.”

“அந்தச் சிரிப்பு?”

“அவளுக்கு அது வரலளா. எத்தன தடவ சிரிச்சும் வரல. படம் முடியுதப்போ பாரு, ஒம் பேரு போட்டிருக்கேன்.”

நம்பவில்லை. ஆனாலும் நாளைக்கு இரண்டு டிக்கெட்.

ஜூலை 13, சனி

மேட்னி. நல்ல கூட்டம். மூன்றாவது பாட்டில் என் ‘ஏளா’ வந்ததும் தியேட்டரே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்து சீட்டுக்காரி சட்டென்று திரும்பி என்னைப் பார்த்தாள். சந்தோஷம்தான், பொய் சொல்வானேன்.

பெயர்கள் ஓட ஆரம்பித்ததும் ஆட்கள் எழுந்து போனார்கள். வீட்டுக்காரர் “வாளா” என்றார். “பொறுங்க.” லாரி கொடுத்தவர், சாப்பாடு போட்டவர், உப்பளத்து ஆட்கள். எல்லோருக்கும் கீழே:

சிரிப்பு: கோமலா, தூத்துக்குடி.

“வந்துட்டுல்லா பேரு?” என்றார் அவர்.

ஆபீஸ் பேப்பராக இருந்தால் அந்த ‘லா’வுக்காகவே திருப்பி அனுப்பியிருப்பேன்.